வண்டிக்கு வந்த மிஸ்ஸிங்

கடியப்பட்டணம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ரெஜிஷாவுக்கு அம்மா கிளாரா எழுதுவது. மாதாவின் தயவில் நான் இங்கே சுகம். மூட்டுவலியும் சுகமாகத்தான் இருக்கிறது, ஒரு நாளும் என்னை விட்டுப் போகவில்லை. அங்கே நீயும் மருமகன் ஜெஃப்ரினும் காய்ச்சல் தடுமல் ஒன்றும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் உங்கள் இரண்டு பேருக்கும் தனித்தனியாக ஒவ்வொரு மணி உருட்டுகிறேன்.

போன் இருக்கும்போது இது என்ன புதுசாகக் கடுதாசி என்று நினைப்பாய். போனில் நீ பேச விட்டால்தானே மக்கா. நான் ஒரு சொல் சொல்லுமுன் நீ நாலு சொல் சொல்லி, டியூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறாய். கடுதாசியில் நடுவில் வெட்ட முடியாது, முழுசும் வாசித்துத்தான் ஆகவேண்டும். அஞ்சாம் வகுப்புக்காரி எழுத்து, கொம்பு சுழியெல்லாம் தப்பும் தவறுமாக இருக்கும், நீ திருத்திப் படித்துக்கொள். லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்புகிற அனில்குமார் கையில் இதையும் கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் ஒரு பொட்டலம் ஏத்தங்காய் சிப்ஸும் கொடுத்துவிடுகிறேன். சிப்ஸ் மணம் மூக்கில் பட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, ஏன் என்று போகப் போகத் தெரியும். கூடவே ஒரு காகிதமும் மடித்து வைத்திருக்கிறேன், அதைக் கடைசியில் பிரித்தால் போதும்.

வண்டிக் காரியம்தான் எழுதவேண்டியது. நீ சொல்லிவிட்ட தேங்காய்ப்பட்டணம் கருவாட்டு வியாபாரி பிபின் வந்து பார்த்தானா, அப்பாவின் காரை அவனுக்கு விற்றாச்சா என்று இரண்டு நாளாகக் கேட்கிறாய், நானும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று மழுப்பிக்கொண்டிருக்கிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், கோபப்படாதே. முதலில் நான் சொன்ன ஒரு பொய்யை ஒத்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டு நேசபாய் மகன் ஸ்டெனிதான் வண்டி ஓட்டுகிறான் என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா, அவன் கப்பல் வேலைக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. ஓட்டுவது நான்தான். ஏட்டி, உடனே நெஞ்சில் கை வைக்காதே, லைசென்ஸ் இருக்கிறது. உன் அப்பா இருக்கும்போதே கோயில் மைதானத்தில் வைத்துக் கிளச்சும் கியரும் சொல்லித் தந்திருந்தார், அவர் போன பிறகு மணவாளக்குறிச்சியில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து மீதியையும் படித்தேன். எட்டுப் போட்டுக் காட்டிய அன்று அந்த ஆபீசர் அம்மாவுக்கு வயசு எத்தனை என்றார், ஐம்பத்தெட்டு என்றேன், அதனால்தான் எட்டு சரியாக வருகிறது என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். லைசென்ஸ் போட்டோவில்தான் ஆடு திருடிப் பிடிபட்டவள் மாதிரி இருக்கிறேன்.

என்னத்துக்கு இந்த வயசில் இதெல்லாம் என்று கேட்பாய். நேசபாய்க்கு நெய்யூர் ஆஸ்பத்திரியில் மாதம் இரண்டு முறை கேன்சருக்கு ஊசி போடுவது உனக்குத் தெரியும். நேசபாய், உன்னை நான் கொண்டு போய்க் கொண்டு வருவேன், கடைசி ஊசி வரைக்கும் பஸ் ஏற விடமாட்டேன் என்று உன் அப்பா அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவர் மத்தியானம் சாளை மீன் குழம்பு ஊற்றிச் சோறு தின்றுவிட்டுப் பாயில் சாய்ந்தவர் எழும்பவேயில்லை, அவள் ஊசி இன்னும் பாக்கி கிடந்தது. ஊசி போட்டுவிட்டு வருகிறவள் இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டு, வாந்தியை அடக்கிக்கொண்டு வரமுடியுமா, நீ நர்ஸ், உனக்கு நான் சொல்லவேண்டாம். இனி நான்கு ஊசி இருக்கிறது. அதுவரைக்குமாவது வண்டி எனக்கு வேண்டும், இதைத்தான் போனில் சொல்லத் தொடங்குவேன், நீ விட்டதில்லை.

சரி, வண்டிக்கு வந்த நோய்க்கு வருகிறேன். அப்பாவின் முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து இரண்டு மாதம் இருக்கும், ஒரு நாள் காலையில் வண்டி இருமத் தொடங்கியது. ஒரே சீராக ஓடவேண்டிய எஞ்சின் நடுவில் ஒரு துடிப்பை விழுங்கிவிட்டு ஓடும், அப்போது ஸ்டியரிங்கைப் பிடித்த கையெல்லாம் நடுங்கும், ஏற்றம் வந்தால் பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல வெட்டி வெட்டிப் போகும். ஊரில் எல்லாருக்கும் ஒரு பதில் இருந்தது. வண்டி ஆளைத் தேடுது, சிலுவைதாசன் கை படாமல் அதுக்கு ஓட மனசில்லை என்று உன் அப்பா பேரைச் சொன்னார்கள். உள்ளதைச் சொல்கிறேன் மக்கா, அதைக் கேட்க எனக்கு இதமாக இருந்தது. நான் மட்டும் இல்லை, இந்த இரும்பும் அவரைத் தேடுகிறது என்று நினைத்துக்கொண்டு ஒரு மாதம் அதை ஒருவரிடமும் காட்டாமல் விட்டேன். அது என் முதல் தப்பு.

அப்புறம் திங்கள்நகர் போகிற வழியில் ஒரு ஏற்றத்தில் வண்டி நின்றே போனது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துக் காதைப் பிளக்கிறான், எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது, பக்கத்தில் இருந்த நேசபாய் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, ஏட்டி கிளாரா, நான் எறங்கித் தள்ளட்டா என்கிறாள். எலும்பும் தோலுமாக இருக்கிறவள் பேச்சைப் பார். பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் இறங்கித் தள்ளித்தான் வண்டி ஓரமானது, ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அந்தக் கதையைத்தான், ஓட்டியது நான் என்பதை மட்டும் விட்டுவிட்டு, அவள் வாய் தவறி உன்னிடம் உளறினாள், நீயும் அன்றைக்கே பிபினைப் பிடித்து, வண்டியைக் கொடுத்துவிடுங்கள் அம்மா என்று முடிவு கட்டினாய். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை வருவான் என்றாய். எனக்கு இருந்தது மூன்று வாரம்.

மறுநாளே மணவாளக்குறிச்சியில் சுயம்புராஜ் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டு போனேன். அப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக்தான், நெற்றியில் ஒற்றை நாமம் இட்டிருப்பான், ஞாயிறு தோறும் அவர்கள் கோயிலான பதிக்குப் போகிற ஆள், கையில் ஸ்பேனர் இருக்கும்போதும் பொய் பேசமாட்டான் என்று அப்பா சொல்வார். எஞ்சினைப் போடச் சொல்லிச் சும்மா நின்று கேட்டுவிட்டு, அக்கா, இது மிஸ்ஸிங்காக்கும் என்றான். யாருக்கு என்று கேட்டுவிட்டேன். அவன் முழித்து, யாருக்குன்னா, வண்டிக்குத்தான் அக்கா, மூணு சிலிண்டர்ல ஒண்ணு சோலி பாக்கல்ல, அதுக்குப் பேரு மிஸ்ஸிங் என்றான்.

அந்தச் சொல்லை நான் எங்கே கேட்டவள் என்று உனக்குத் தெரியுமே. என் அண்ணன் அந்தோணியடிமை கடலுக்குப் போய்த் திரும்பாதபோது ஆபீஸ் காகிதத்திலும் வந்து போன ஆட்கள் வாயிலும் அந்த ஒரு சொல்தான். செத்தான் என்றும் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை, மிஸ்ஸிங் என்றார்கள். உன் அப்பா முப்பது வருசம் கடலுக்குப் போனபோதெல்லாம், இந்தச் சொல் மட்டும் என் வீட்டு வாசலுக்கு வரப்படாது என்று மாதாவுக்கு நேர்ச்சை வைத்துக்கொண்டே இருந்தேன். மாதாவும் காத்தாள், அவரைக் கரையில், வீட்டில், என் கண்முன்னால்தான் எடுத்தாள். அதற்குப் பிறகு அந்தச் சொல் கார் வழியாக உள்ளே வந்துவிட்டது பார். சுயம்பு, வேற என்ன வேணுன்னாலும் சொல்லு, அந்தப் பேரு மட்டும் எனக்க முன்ன சொல்லாத என்றேன். அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை, ஆனாலும் சரியென்று தலையாட்டினான். அன்றிலிருந்து அவன் அதற்கு வைத்த பேர் மத்தது. அக்கா, இன்னைக்கு மத்தது உண்டா, நேத்து ஏத்தத்துல மத்தது வந்தா என்று கேட்பான், ஒர்க்ஷாப்பில் புதுசாக வருகிறவர்கள் நாங்கள் என்ன ரகசியம் பேசுகிறோம் என்று பார்ப்பார்கள்.

முதலில் மூன்று பிளக்கையும் மாற்றினான், இரண்டு நாள் நன்றாக ஓடி மறுபடியும் இருமியது. பிறகு கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான், பெட்ரோல் வருகிற வழியில் இருக்கிற வடிகட்டியை மாற்றினான், நாலு நாள் ஓடி மறுபடியும் அதே கதை. எஞ்சின் ஓடும்போதே பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தான். உயிரோடு இருக்கிற சிலிண்டர் ஒயரைப் பிடுங்கினால் எஞ்சின் தளரும், ஏற்கெனவே செத்துக் கிடக்கிற சிலிண்டர் என்றால் பிடுங்கினாலும் சத்தத்தில் மாற்றம் இருக்காது, அப்படித்தான் குற்றவாளியைக் கண்டுபிடிப்பார்களாம். கரையில் நின்று கரமடி வலை இழுக்கும்போது எவன் கயிற்றைச் சும்மா தொட்டுக்கொண்டு நடக்கிறான் என்று பார்க்கிற மாதிரிதான். ஆனால் நம்ம வண்டியில் நேற்றுச் சும்மா இருந்தவன் இன்று இழுக்கிறான், இன்று இழுத்தவன் நாளைக்குச் சும்மா இருக்கிறான். சுயம்பு தலையைச் சொறிந்துகொண்டு, இந்தச் சவத்துக்கு என்ன கேடுன்னு தெரியல்லியே அக்கா, பேசாம குடுத்துருங்க என்றான்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். உனக்கு நினைவிருக்கும், வள்ளங்கள் கரைக்கு வரும்போது கண்ணுக்குத் தெரியுமுன்பே எஞ்சின் சத்தத்தை வைத்து இது அப்பா வள்ளம் என்று சொல்லி உலை வைப்பேன், ஒரு நாளும் சோறு ஆறினதில்லை. அந்தக் காதை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாதா என்று ஒரு வீம்பு வந்தது. கோயில் காலண்டரை எடுத்து, வண்டி இருமுகிற நாளில் சிலுவை மாதிரி ஒரு குருசு போட்டேன், இருமாத நாளைச் சும்மா விட்டேன். பத்து நாளில் பார்த்தால், கச்சான் காற்று ஈரத்தோடு அடித்து, காயப்போட்ட கருவாடு காயாமல் பிசுபிசுத்த காலைகளில்தான் குருசு விழுந்திருக்கிறது. வெயில் ஏறிய பிறகு எடுத்தால் வண்டி தங்கமாக ஓடுகிறது. பிளக்கும் பெட்ரோலும் கெட்டிருந்தால் வெயிலும் ஈரமும் பார்த்தா கெடும் என்று காலண்டரைத் தூக்கிக்கொண்டு சுயம்பு முன்னால் போய் நின்றேன். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அக்கா, இத முதல்லியே கொண்டு வந்திருக்கப்படாதா என்று கேட்டுவிட்டு ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கறுப்புத் தார்ப்பாயும் எடுத்து வந்தான்.

அடுத்த காட்சியை நீ பார்த்திருக்கவேண்டும். பட்டப்பகல் பதினொரு மணி. எஞ்சினை ஓடவிட்டு, மேலே தண்ணீரைப் பொடிப்பொடியாகத் தெளித்து, பானெட்டுக்கு மேல் தார்ப்பாயைப் போர்த்தி, அதற்குள் நானும் அவனும் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறோம். வெளியே எங்கள் இரண்டு பேர் முதுகு மட்டும்தான் தெரியும். ரோட்டில் போகிறவன் ஒருவன், லே சுயம்பு, உள்ள என்ன படமாலே ஓடுது என்று கேட்டுவிட்டுப் போனான். உள்ளே படம்தான் ஓடியது மக்கா. அந்த இருட்டில், பிளக் ஒயர்கள் மேலும் அவை வந்து சேருகிற கறுப்பு மூடி மேலும், நீல நீலமாகப் பொறி ஊர்ந்து ஓடுகிறது, மின்மினிப் பூச்சி மாதிரி இங்கே ஒன்று அங்கே ஒன்று. பிளக்குக்குப் போகவேண்டிய கரண்ட் போகிற வழியிலேயே வெளியே ஒழுகி இரும்பில் இறங்கிவிடுகிறது, ஈரம் இருந்தால் கூடுதலாக ஒழுகும், அதுதான் மத்தது என்றான் சுயம்பு.

எஞ்சினை அணைத்து, ஒரு ஒயரை விரலால் வழித்தான். விரலை மூக்கில் வைத்தான். இன்னொரு தடவை வைத்தான். அக்கா, இது தேங்காய் எண்ணெயா என்று கேட்டான்.

ஆமாம் மக்கா, தேங்காய் எண்ணெய்தான். சனிக்கிழமை தோறும் உன் அப்பா பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு எண்ணெய்த் துணியோடு குனிந்து நிற்பாரே, கடற்கரைக் காரு, உப்புக்காத்து தின்னுரும், எண்ணெய் காட்டணும் என்பாரே. முப்பதாம் நாள் முடிந்த முதல் சனிக்கிழமை நான் அந்த வேலையை எடுத்துக்கொண்டேன். அவர் இடுப்பில் கட்டுகிற பழைய நீலச் சாரத்தைக் கிழித்து, எண்ணெயில் முக்கி, கண்ணில் பட்டதற்கெல்லாம் பூசினேன். இரும்பு, ரப்பர், ஒயர், அந்தக் கறுப்பு மூடி, அதைத் திறந்து உள்ளேயும் கூட. உனக்குச் சின்னப்பிள்ளையில் தலைக்குத் தேய்த்த மாதிரி ஒரு இடம் விடாமல் தேய்த்தேன். அப்பா எங்கே எங்கே தொடுவார் என்று இத்தனை வருசத்தில் ஒரு நாள் கிட்டப் போய்ப் பார்த்தவளா நான், வாசலில் இருந்து முதுகைத்தானே பார்த்தேன். அந்த எண்ணெயில் தூசியும் உப்பும் ஒட்டி, ஒயரின் ரப்பர் ஊறி வெடித்து, கரண்ட் ஒழுக வழி போட்டுக் கொடுத்தது நான்தான். வண்டி ஆளையும் தேடவில்லை ஒன்றும் தேடவில்லை.

சுயம்பு சிரிக்கத் தொடங்கியவன் நிறுத்தவில்லை. மெக்கானிக் வேலைக்கு வந்து இருவது வருசம், எண்ணெய்க் குளி குளிச்ச எஞ்சின இன்னைக்குத்தான் அக்கா பாக்கேன் என்றான். அப்போதுதான் எனக்கு இன்னொன்று புரிந்தது. மூன்று மாதமாக நாங்கள் வண்டியில் போகும்போதெல்லாம் நேசபாய், ஏட்டி எங்கியோ ஏத்தங்காய் சிப்ஸ் பொரிக்குதாவ, நல்ல மணம் என்பாள், ஊசி போட்ட நாளிலும் அந்த மணத்துக்கு மட்டும் அவளுக்கு வாந்தி வராது. சூடான எஞ்சினில் தேங்காய் எண்ணெய் காய்ந்த மணம் அது, இரண்டு பேரும் ரோட்டோரத்துக் கடைகளைத்தான் தேடியிருக்கிறோம். சொன்னதும் சுயம்பு தார்ப்பாய் மேலேயே உட்கார்ந்துவிட்டான். நானும் சிரித்தேன், அப்பா போன பிறகு வயிறு வலிக்கச் சிரித்தது அன்றுதான். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகையும் வந்துவிட்டது. அவன் டீ வாங்கி வருகிறேன் என்று எழும்பிப் போய், ஒரு டீக்கு எடுக்கிற நேரத்தைவிட நிறைய நேரம் கழித்துத்தான் வந்தான். நல்ல மனுசன்.

புது ஒயர் மூன்றும் நடு ஒயரும் புது மூடியும் போட்டு, மற்ற இடமெல்லாம் பெட்ரோல் வைத்துத் துடைத்துக் காயவைத்தான். அக்கா, அந்தத் துணிய தூரக் களைஞ்சிருங்க என்றான். நான் துணியை மடியில் செருகிக்கொண்டேன். அவனுக்கு என் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, சரி, களைய வேண்டாம், வாங்க என்று கூப்பிட்டு, அண்ணாச்சி எங்க பூசுவாருன்னு நான் காட்டித் தாறேன் என்றான். நாலு கதவுக் கீல், பானெட் கீல், அடியில் இருக்கிற ஆணிகள், பேட்டரி முனையில் மட்டும் எண்ணெய்க்குப் பதில் கிரீஸ். அவ்வளவுதான், ஒயர் பக்கம் கை போகப்படாது. ஆக சனிக்கிழமை வேலை எனக்குப் போகவில்லை மக்கா, இடம்தான் மாறியது.

இனி பிபின் கதை. சொன்னபடி முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தான். அன்று பார்த்துக் கச்சான் காற்று, நல்ல ஈரம், காலண்டரில் குருசு விழவேண்டிய காலை. சாவியைத் திருப்பினேன். ஒரே இழுப்பு, ஒரே சீர், ஒரு துடிப்பு கூட விழுங்கவில்லை. பிபின் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, மாமி, ரெஜிஷா அக்கா சொன்னத வச்சு மிஸ்ஸிங் உண்டுன்னுல்லா நெனச்சேன் என்றான். இல்ல மக்கா, மிஸ்ஸிங் இல்ல என்றேன். அந்தச் சொல்லை அண்ணன் போன பிறகு என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை, சொன்ன பிறகு பார்த்தால் அது வெறும் ஒரு சொல்தான். அவனுக்கு வண்டி ரொம்பப் பிடித்துவிட்டது. பின் சீட்டையும் இடப்பக்கச் சீட்டையும் கழற்றிவிட்டால் கருவாட்டுப் பெட்டி பதினைந்து வைக்கலாம் என்று முழம் போட்டு அளந்தான். இடப்பக்கச் சீட்டு நேசபாய்க்கு, அதை எப்படி மக்கா கழற்றுவது. சாயா குடித்துவிட்டுப் போ, வண்டி உனக்கு இல்லை, ரெஜிஷாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவன் முகம் வாடித்தான் போனான், நீ போன் பண்ணி அவனிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடு.

இப்போது அந்தக் காகிதத்தைப் பிரி. வண்டி இன்னும் அப்பா பேரில்தான் இருக்கிறது, வாரிசு நீயும் நானும். என் பேருக்கு மாற்ற உனக்குச் சம்மதம் என்று நீ அதில் கையெழுத்துப் போடவேண்டும், போடாவிட்டால் நான் ஒன்றும் செய்யமுடியாது. நீ பயப்படுவது எனக்குத் தெரியும். அப்பா போய்விட்டார், அம்மாவும் ரோட்டில் எங்கேயாவது நின்றுவிட்டால் குவைத்தில் இருந்துகொண்டு என்ன செய்வேன் என்று நினைக்கிறாய், அதனால்தான் என்னை வீட்டுக்குள் உட்காரவைக்கப் பார்க்கிறாய். உட்கார்ந்தால் நான் அவர் பாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஓட்டினால் ரோட்டைப் பார்ப்பேன். அறுபதுக்கு மேல் வேகம் போகமாட்டேன், இருட்டுமுன் வீடு வந்துவிடுவேன், மழை கொட்டினால் எடுக்கமாட்டேன், இது மூன்றும் சத்தியம். கையெழுத்தைக் கோணலாகப் போடாதே, ஆபீசில் திருப்பி அனுப்புவார்கள். அனில்குமாரின் கூட்டாளி அடுத்த மாதம் ஊருக்கு வருகிறானாம், அவன் கையில் கொடுத்தனுப்பு.

நீயும் ஜெஃப்ரினும் கிறிஸ்மஸுக்கு வரும்போது திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி சொல்லவேண்டாம், வண்டியோடு நான் வருவேன். விமானமும் பகலில் வந்து சேருகிறதாகப் பார்த்து டிக்கெட் எடு, என் சத்தியம் ஞாபகம் இருக்கட்டும். பெட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்ததும் அப்பா எப்போதும் நிற்கிற அந்த மூன்றாவது தூண் பக்கம் பார்க்காமல் போய்விடாதே. பார். அங்கே நான் நிற்பேன். வண்டியில் ஏறியதும் சிப்ஸ் மணத்தால் பசி எடுத்தால் என்னைக் குறை சொல்லாதே, சுயம்பு எவ்வளவு துடைத்தும் அது முழுசாகப் போகவில்லை.

உனக்கும் மருமகனுக்கும் உடம்புக்குச் சுகமும் மனசுக்குச் சமாதானமும் தந்து, போகிற வழியிலும் வருகிற வழியிலும் மாதா கூடவே நடக்கட்டும். கருவாட்டை இரண்டு தண்ணீரில் கழுவிப் பொரி, அங்கே பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொள். காகிதத்தை மறக்காதே.

முத்தங்களோடு,
உன் அம்மா, இப்போது டிரைவரும்,
சி. கிளாரா